களத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு

மனிதருக்கும் இடத்துக்கும் சூழலுக்கும் உள்ள உறவு பற்றிய மானிடவியல் மாநாட்டுக்குக் கட்டுரை எழுத, மாவனல்லையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு வருகிறீர்கள். மனம் நிறைகிறது. இந்த மலைகளில் நெடுங்காலம் அலைந்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. வாசித்துவிட்டு வாருங்கள். இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வலன்டைன் டானியல், திருச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் தங்கி ஆராய்ந்து 1984இல் நூல் வெளியிட்டார். மண்ணின் குணம் அதில் வாழ்பவருக்கும் சேரும் என்று அந்த மக்கள் நம்புவதை அதில் காட்டினார். தோட்டத்தில் ‘உங்கள் ஊர் எது?’ என்று கேட்டுப் பாருங்கள். பாட்டி கடல் கடந்த ஊரைச் சொல்வார், பேத்தி தன் தோட்டத்து டிவிஷனைச் சொல்வாள். இரண்டையும் எழுதுங்கள்.

2. சட்டத்தை மறக்காதீர்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. தோட்டங்கள் 1970களில் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. வரிசை வீடான லயத்துக்குக் கீழே உள்ள மண் மட்டும் அதில் வாழ்ந்தவர்களிடம் வரவில்லை. இதைச் சொல்லாமல் ‘மண் பற்று’ என்று எழுதினால் அது வெறும் அலங்காரம்.

3. மண்சரிவைப் பற்றிப் பொறுமையாகக் கேளுங்கள். 2016 மே 17ஆம் திகதி, நாள்கணக்கில் கொட்டிய மழைக்குப் பிறகு இதே மாவட்டத்து அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காணாமற்போனார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தை மண் புதைத்தது. ஒரே மாவட்டம், ஒரே மழை. ஆனால் லயத்தை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவர் அதில் படுத்துறங்கியவர் அல்லர். வீடு நிற்கும் இடத்தைத் தேர்ந்தது யார் என்பதே என் கணக்கில் உங்கள் முதல் கேள்வி.

அடுத்து, லயத்து மக்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். கான் (வடிகால்) வெட்டிய கிழவருக்கு நீர் எந்த வழியாக இறங்கும் என்று தெரியும். ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது, சுவரில் புது வெடிப்பு, நிமிர்ந்து நின்ற மரம் சாய்வது: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை அறிகுறிகளாகச் சொல்வதும் இவற்றைத்தான். அதை அனுபவம் என்று ஒதுக்காதீர்கள், அறிவு என்றே எழுதுங்கள்.

4. இறப்பர் தோட்டத்தில் மழையைப் பற்றி ரசித்துப் பேசாதீர்கள். விடிகாலையில் மரம் நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை. அன்றைய சம்பளம் என்னாகுமோ என்ற கவலையோடுதான் பெண்கள் வானத்தைப் பார்ப்பார்கள்.

5. பெரட்டு (காலை ஆள்கணக்கு) நேரத்தில் போய் நிற்காதீர்கள். மாலையில் போங்கள். இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்காரச் சொன்னால் உட்காருங்கள், தரும் சாயத்தண்ணியைக் குடியுங்கள். குறிப்பேடு பிறகு வெளியே வரட்டும்.

6. சிங்களம் பழகுங்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவரும் மாவனல்லை நகரத்து முஸ்லிம்களும் இதே மலையின் அயலவர்கள். அவர்களைக் கேட்காத ஆய்வு பாதி ஆய்வு.

7. ஆட்களின் பெயரையும் லயத்தின் அடையாளத்தையும் மறைத்து எழுதுங்கள். மாநாட்டில் ஆங்கிலத்தில் வாசியுங்கள், தடையில்லை. ஆனால் அதற்கு முன்பே தமிழ்ப் பிரதியோடு லயத்துக்கு வந்து உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்திய பிறகு அனுப்புங்கள்.