பன்றிக்கும் போட்டிக்கும் பெரிய ரிவால்வரா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

வடகரை, மேக்கரை, பண்பொழி, சொக்கம்பட்டி. தென்காசி மாவட்டத்தில் மலையை ஒட்டிய இந்த ஊர்களில் கதிர் முற்றும் நேரம் வந்துவிட்டால் வயலுக்கு இராக்காவல் போயே ஆக வேண்டும். ஒரு ராத்திரி கண் அசந்தாலும் பன்றிக் கூட்டம் இறங்கி வயலைக் கிளறிப் போட்டுவிடும். விடிந்ததும் வரப்பில் நின்று அதைப் பார்க்கிறவர், "கையில ஒரு நல்ல துப்பாக்கி இருந்துச்சுன்னா சோலிய முடிச்சிரலாம்" என்கிறார். பக்கத்தில் நிற்பவர், "அண்ணாச்சி, வாங்குறதுதான் வாங்குறீங்க, பெரிய ரிவால்வரா பாத்து வாங்கிருங்க" என்கிறார். இரண்டு பேரும் மனதாரத்தான் பேசுகிறார்கள். கோபமும் நியாயமானது. ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கும் நம்பிக்கைகள் பலவும் தவறானவை. அவற்றை நம்பி இறங்குகிறவர் பயிரோடு சேர்த்து நிம்மதியையும் இழக்க நேரும்.

நம்பிக்கை: லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் தோட்டத்துக்கு வரும் பன்றியைச் சுடலாம்.

துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கான உரிமம் வேறு, விலங்கைச் சுடுவதற்கான அனுமதி வேறு. முதலாவது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது. இரண்டாவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1972-இல் சில விலங்குகளுக்கு வேட்டை உரிமம் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அதையும் மூடிவிட்டது. இன்று இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்றே கிடையாது. ஆகவே 'வேட்டைக்கு எந்த ரிவால்வர் நல்லது' என்ற கேள்விக்குத் தென்காசியில் பதிலே இல்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, கேரள எல்லையில் இருக்கும் புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டிப் பார்க்க வேண்டும். பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. உரிமம் பெற்ற, பட்டியலில் இடம்பெற்ற சுடுநர்கள் அந்த உத்தரவின்பேரில் சுடுகிறார்கள். செய்தி மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது 'உத்தரவு' என்ற சொல் உதிர்ந்து, 'சுடலாம்' என்பது மட்டும் நிற்கிறது.

தமிழ்நாட்டின் ஏற்பாடு வேறு. 2025 ஜனவரியில் அரசு வகுத்த முறைப்படி காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால்தான் சுட முடியும், அதையும் வனத்துறையினரே செய்ய வேண்டும். மேக்கரை போல மலையடியிலேயே இருக்கும் தோட்டங்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு கசப்பானது என்பது அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குப் புரியும். அந்தக் கசப்பை மனுவாக எழுதலாம், போராட்டமாகவும் நடத்தலாம். துப்பாக்கியால் தீர்க்கப் போனால் குற்றவாளியாக நிற்பது விவசாயிதான். அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி வைப்பதும் வேலியில் கரண்ட் விடுவதும் அதே குற்றம்தான். ஆடும் மாடும் சில நேரம் மனிதரும் அதில் சாகிறார்கள்.

நம்பிக்கை: பயிர்க் காவலுக்கென்று கேட்டால் ரிவால்வர் உரிமம் கிடைக்கும்.

ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்பு என்று பெயர் சொல்லியே பேசுகிறது. அங்கே சொல்லப்படுவது குழலின் வாய்வழியாக வெடிமருந்து திணிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால், உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். இந்தக் காரணத்துக்குக் கைத்துப்பாக்கி அந்தப் பட்டியலிலேயே இல்லை. நாட்டுத் துப்பாக்கி என்று ஊரில் சொல்கிறோமே, அதற்கும் உரிமம் கட்டாயம்.

நம்பிக்கை: தாத்தா வைத்திருந்த வெப்ளி ரிவால்வரைப் பேரன் வைத்துக்கொள்ளலாம்.

பழைய வீடுகளின் பரணில் இப்படி ஒன்று இருப்பதாகப் பேச்சு அடிபடுவதுண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் பாயின்ட் 455 வெப்ளி அந்தக் காலத்துப் பெரிய காலிபர் ரிவால்வர்களில் பேர்போனது. காலிபர் என்பது குழலின் உள்விட்டம். 455 என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 455 பங்கு, அதாவது சுமார் 11.5 மி.மீ. படைகளுக்கான தோட்டாவைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகளைச் சட்டம் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கிறது. பாயின்ட் 380-உம் 455-உம் அதில் அடக்கம். அவற்றுக்கு உரிமம் தருவது மத்திய அரசு. கலெக்டர் தர முடியாது.

உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் அந்த உரிமம் அவரோடு முடிந்தது. துப்பாக்கியைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். தடைசெய்யப்பட்ட வகையை உரிமமின்றி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை. பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு இரும்புக்காக யாருடைய பேரனும் இந்த நிலைக்கு ஆளாக வேண்டாம்.

சாதாரண குடிமகனுக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பாயின்ட் 32 ரிவால்வர்தான். கான்பூரில் தயாரான 'நிர்பீக்' 2014-இல் வந்தது. 2023-இல் வந்த 'பிரபல்' 50 மீட்டர் வரை சுடும் என்று தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. வெளிநாட்டுப் படங்களில் வரும் பாயின்ட் 44 மேக்னம் வேண்டுமென்றால் இறக்குமதி செய்ய வேண்டும். அந்த வாசல் 1980-களிலேயே பொதுமக்களுக்குச் சாத்தப்பட்டது. பதிவுபெற்ற போட்டி வீரர்களுக்கு மட்டும் அது கொஞ்சம் திறந்திருக்கிறது.

நம்பிக்கை: குழல் பெரிதானால் பலமும் பெரிது.

குண்டின் ஆற்றலைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று எடை, இன்னொன்று வேகம். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 455 வெப்ளியின் குண்டு 17 கிராம் கனமானது, ஆனால் விநாடிக்கு ஏறக்குறைய 180 மீட்டர்தான் போகும். ஆற்றல் 300 ஜூலுக்குக் கொஞ்சம் கீழே. 9 மி.மீ. பிஸ்டலின் குண்டு அதில் பாதி எடைகூட இல்லை. வேகம் ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் ஆற்றல் 450 ஜூலை ஒட்டி வருகிறது. சின்னக் குழல் பெரிய குழலை முந்திவிடுகிறது.

1950-களின் நடுவில் வந்த 44 மேக்னம் உண்மையிலேயே வலுவானதுதான். சுமார் 1,300 ஜூல். அமெரிக்காவில் பல மாநிலங்களில் சட்டப்படி மான் வேட்டைக்கு அதை எடுத்துப்போகிறார்கள். ஆனால் அங்கே வேட்டைக்கு வெகுகாலமாகப் பயன்படும் 30-06 ரைஃபிளின் ஆற்றல் 3,700 ஜூலுக்கு மேல். உலகின் பேர்பெற்ற வேட்டை ரிவால்வருக்கும் ஒரு சாதாரண வேட்டை ரைஃபிளுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது. ஆற்றல் போதாத குண்டால் காயம்பட்டு ஓடும் பன்றி வலியோடு சாகும், எதிரே வருகிறவரையும் கிழிக்கும். அதனால்தான் அந்த நாடுகளிலும் நல்ல வேட்டைக்காரர்கள் கைத்துப்பாக்கியோடு மிக அருகில் போனாலொழியச் சுடுவதில்லை.

பெயரில் இருக்கும் எண்ணும் எப்போதும் அளவைச் சொல்வதில்லை. 44 மேக்னத்தின் குண்டு உண்மையில் 0.429 அங்குலம். '38 ஸ்பெஷல்' குண்டு 0.357 அங்குலம்.

நம்பிக்கை: பெரிய குண்டு பட்டால் ஆள் பின்னால் பறந்து விழுவான்.

திரையில் கம்பி கட்டி இழுப்பதால் பறக்கிறார்கள். 44 மேக்னத்தின் முழு உந்தமும் 65 கிலோ உடலில் இறங்கினாலும் அந்த உடல் பெறும் வேகம் விநாடிக்குச் சுமார் 10 செ.மீ.தான். அவ்வளவு உந்தத்தைச் சுடுகிறவரின் கையும் வாங்கியாக வேண்டும். துப்பாக்கியின் உதை அதுதான். குண்டு ஆளைத் தூக்கி எறியுமானால் சுட்டவரையும் தூக்கி எறியும்.

நம்பிக்கை: குறிபார்த்துச் சுடும் போட்டிக்கும் பெரிய காலிபர்தான் ஏற்றது.

சர்வதேசப் போட்டியில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 7.62 முதல் 9.65 மி.மீ. வரை. 44-உம் 455-உம் அந்த வாசலிலேயே நின்றுவிடும். இந்தப் பிரிவில் உலகெங்கும் வீரர்கள் அதிகம் விரும்புவது ஊரில் 'சின்னது' என்று ஒதுக்கும் பாயின்ட் 32 தோட்டாவைத்தான். உதை குறைவு, கை அசைவு குறைவு. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா இந்தப் பிரிவில் 600-க்கு 590 எடுத்து அப்போதைய உலக சாதனையைச் சமன் செய்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிரிவில் சுடுவது அதனினும் சிறிய பாயின்ட் 22 தோட்டா.

இதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். ரிவால்வரில் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விசையை இழுக்கும் நொடியில் 'உதைக்கப்போகிறது' என்று கை பயந்து, முன்குறி ஒரே ஒரு மி.மீ. விலகுகிறது. 25 மீட்டரில் அந்த விலகல் பன்னிரண்டரை செ.மீ.யாக வளர்ந்துவிடும். பத்தாம் வளையத்தின் விட்டம் 5 செ.மீ.தான். பத்தில் விழ வேண்டிய குண்டு ஆறின் விளிம்பில் போய் நிற்கிறது. பெரிய காலிபரில் பழகத் தொடங்குகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இந்தப் பயத்தைத்தான். பிறகு அதை மறக்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: காட்டுக்குள் போகும்போது கரடிக்காக ரிவால்வர் வைத்துக்கொள்வது தற்காப்பு.

2022 நவம்பரில் கடையம் அருகே கரடி ஒன்று மூவரைக் கடித்துக் குதறியது இந்தப் பகுதியில் யாருக்கும் மறக்காது. அந்தப் பயம் உண்மையானது. அன்று அந்தக் கரடியை வனத்துறை பிடித்தது மயக்க ஊசியால். நெல்லை வன உயிரினச் சரணாலயத்துக்குள்ளோ களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ளோ அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். உயிருக்கு ஆபத்து நேர்ந்து நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் அது குற்றமாகாது என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் வேறு குற்றம் செய்துகொண்டிருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அத்துமீறி ஆயுதத்தோடு உள்ளே போனவர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்.

நம்பிக்கை: வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது ரிவால்வரால்.

செங்கோட்டையில் துப்பாக்கிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் வாஞ்சியில் வந்து நிற்கும். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் ஆட்டோமேட்டிக் பிஸ்டல். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளை ஓர் அறை நகரும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்காக நிற்கும், சுட்ட உதையே அடுத்த தோட்டாவை ஏற்றும். மேடைகளிலும் கதைகளிலும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. வரலாற்றை நேசிக்கும் ஊர் இந்த விவரத்தையும் சரியாக வைத்துக்கொள்ளலாம்.

இனி என்ன செய்யலாம்?

சுடும் விளையாட்டில் ஆசை இருக்கும் தென்காசி இளைஞர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்கலாம். குண்டு 4.5 மி.மீ. அந்த அளவுக்குள்ளும் 20 ஜூல் ஆற்றலுக்குள்ளும் இருக்கும் ஏர் துப்பாக்கிக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை. 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது இதே வகைத் துப்பாக்கியால்தான்.

பன்றியால் நட்டப்பட்டவர் அன்றைக்கே சேதத்தைப் படம் எடுத்து, சர்வே எண்ணோடு வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனுக் கொடுத்து, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இழப்பீட்டுக்கும் அதுவே அடிப்படை, 3 கி.மீ.க்கு அப்பால் பன்றியைச் சுட வனத்துறையைக் கேட்பதற்கும் அதுவே அடிப்படை. ஒரு வரப்புக்காரர் தனியாகக் கொடுப்பதைவிட ஊரில் பாதிக்கப்பட்ட பத்துப் பேர் ஒரே நாளில் சேர்ந்து கொடுக்கும் மனு சீக்கிரம் கவனிக்கப்படும்.