பிரிவு பெருகினால் பதக்கம் மலிந்துவிடுமா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு தங்கமும் இன்றி 6 பதக்கங்களோடு திரும்பிய இந்தியா, சில வாரங்கள் கழித்து அதே நகரின் பாராலிம்பிக்கில் 7 தங்கம் உட்பட 29 பதக்கங்களை வென்றது முதல், ஒரு வாதம் சலிக்காமல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டியில் கணக்கில்லாத பிரிவுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் ஆள் குறைவு, ஆகவே போனவர்க்கெல்லாம் பதக்கம் என்பதே அது. விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டாதவர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். விமரிசகர்களே சொல்லும்போது பொறுப்பதற்கில்லை.

பிரிவுகள் மிகுதி என்பது உண்மையே. பாரிஸ் ஒலிம்பிக்கில் 329 பதக்கப் போட்டிகள் நடந்தன, பாராலிம்பிக்கில் 549. ஆனால் பிரிவுகள் பதக்கத்தைப் பெருக்குவதற்காக வகுக்கப்பட்டவை அல்ல. தசை வலுக்குறைவு, உறுப்பிழப்பு, பார்வைக் குறைபாடு எனத் தகுதிக்குரிய பத்து வகைக் குறைபாடுகளுள் ஒன்று போட்டியாளரிடம் இருக்கிறதா, அது அந்த விளையாட்டைப் பாதிக்கும் குறைந்தபட்ச அளவைத் தொடுகிறதா என்று பயிற்சி பெற்ற வல்லுநர் சோதித்து, ஏறத்தாழ ஒரே அளவு இயக்கத்திறன் உள்ளவர்களை ஒன்றாக நிறுத்தும் முறைக்கே வகைப்பாடு என்று பெயர். மல்யுத்தத்தில் எடைப் பிரிவு செய்யும் வேலையும் இதுதான். பாரிஸ் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் மட்டும் 18 தங்கங்கள் வழங்கப்பட்டன. அவற்றை மலிவு என்று எவரும் முணுமுணுக்கவில்லை. மேலும், எல்லாப் பிரிவுக்கும் தனிப் போட்டி கிடைப்பதில்லை. சேலம் மாவட்டத்தின் மாரியப்பன் தங்கவேலு சார்ந்திருப்பது செயற்கைக் கால் இன்றிப் போட்டியிடுவோருக்கான டி42 பிரிவு. பாரிஸில் அவர் முழங்காலுக்கு மேல் கால் இழந்து செயற்கைக் கால் அணிந்தோரின் டி63 பிரிவினரோடு சேர்ந்தே உயரம் தாண்டினார். 2016இல் 1.89 மீட்டர் அவருக்குத் தங்கம் தந்தது. 2024இல் தங்கத்துக்கு 1.94 மீட்டர் தேவைப்பட, 1.85 மீட்டர் தாண்டிய அவருக்கு வெண்கலமே கிடைத்தது. மலிந்துபோன பதக்கத்தின் விலை இப்படியா ஏறும்?

பிரிவுகள்தாம் பதக்கம் தருகின்றன என்றால், 141 போட்டிகள் நடந்த பாரிஸ் நீச்சலில் இந்தியாவுக்கு ஒன்றாவது கிடைத்திருக்க வேண்டும், ஒன்றும் கிடைக்கவில்லை. 1968இல் முதன்முதலாகக் களம்கண்ட இந்தியா 2016 வரை வென்றவை மொத்தமே 12 பதக்கங்கள். அக்காலத்திலும் பிரிவுகள் இருந்தன, இல்லாதிருந்தவை பயிற்சியும் பணமுமே. பிரேசில் 2001இல் பரிசுச்சீட்டு வருவாயின் ஒரு பங்கைச் சட்டப்படி தன் பாராலிம்பிக் குழுவுக்கு ஒதுக்கி, பின்னர் சாவோ பாவுலோவில் தனிப் பயிற்சி மையமும் கட்டி, பாரிஸில் 89 பதக்கங்களுடன் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. 1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு காயமுற்ற முன்னாள் படைவீரர் 16 பேரை வில்வித்தையில் மோதவிட்ட நிகழ்வு, 1960இல் ரோமில் 23 நாடுகளின் போட்டியாகி, இன்று ஏறத்தாழ 4,400 பேர் மோதும் களமாக வளர்ந்திருப்பது இரக்கத்தால் அன்று.

செயற்கைக் காலே தாண்டுகிறது, ஆள் தாண்டவில்லை என்பது இன்னொரு பேச்சு. 2023இல் 8.72 மீட்டர் நீளம் தாண்டிய ஜெர்மனியின் மார்க்குஸ் ரேம், அந்தக் காலால் தமக்கு ஆதாயம் இல்லை என்பதை நிறுவ இயலாமல் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. ஆனால் அவருடைய பிரிவில் எதிரே நிற்போரும் செயற்கைக் கால் அணிந்தவர்களே என்பதால், அவருடைய பாராலிம்பிக் வெற்றிக்கு அந்தக் காலைக் காரணம் காட்ட முடியாது. ஏமாற்று மலிந்த களம் என்போர் 2000 சிட்னியில் அறிவுத்திறன் குறைபாடே இல்லாத பலரைக் கூடைப்பந்து அணியில் சேர்த்த ஸ்பெயினைக் காட்டுவர். அதன் விளைவாக அந்தக் குறைபாட்டுக்குரிய போட்டிகள் அனைத்துமே 2012 வரை நிறுத்தப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. செவித்திறன் குறைந்தோரும் பாராலிம்பிக்கில் ஆடுவதாகப் பலர் நம்புகின்றனர்; மதுரையின் ஜெர்லின் அனிகா மூன்று தங்கம் வென்றது, 1924 முதல் தனியே நடந்துவரும் டெஃப்லிம்பிக்ஸ் போட்டியில்.

பாராலிம்பிக் வீரர்கள் ஒலிம்பிக் வீரர்களையே மிஞ்சிவிட்டனர் என்ற பொய்யை ஆதரவாளர்களும் பரப்பாமல் இருப்பது நலம். 2016 ரியோவில் பார்வைக் குறைபாடு உடைய நால்வர் 1,500 மீட்டரை ஒலிம்பிக் தங்கத்தின் நேரமான 3 நிமிடம் 50 விநாடிக்குள் ஓடினர் என்பது மெய். அந்த ஒலிம்பிக் இறுதி ஓட்டம் ஒருவரையொருவர் நோட்டமிட்டு மந்தமாக ஓடப்பட்டது என்பதும் அதே அளவு மெய். உலகச் சாதனை 3 நிமிடம் 26 விநாடி.

பதக்க எண்ணிக்கையை எடைபோடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் பள்ளி மைதானம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, விளையாட்டில் அவர்களின் பங்கேற்பை உறுதிசெய்யும் கடமையை அரசின்மேல் சுமத்துகிறது. அவ்வாறிருந்தும் விளையாட்டுப் பாடவேளையில் அத்தகைய குழந்தையைப் புத்தகப்பைகளுக்குக் காவலாக மரநிழலில் உட்காரவைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. உடற்கல்வி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வகைப்பாட்டின் அடிப்படையைக் கற்பித்து, அந்தக் குழந்தையை மைதானத்தில் இறக்கும் பொறுப்பைப் பள்ளிக் கல்வித்துறை இந்தக் கல்வியாண்டிலேயே ஏற்க வேண்டும்.