குளிருக்கு முன் புல்லுக்கு ஏன் பட்டினி?

மாணவர்களே, அறுகம்புல்லை அறிவீர்கள். விநாயகருக்குச் சாத்தும் அதே புல்தான். அமெரிக்காவில் அதன் பெயர் பெர்முடா புல். அந்நாட்டின் தென்மாநிலங்களில் வீட்டு முற்றங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் அதையும் அதன் கலப்பின வகைகளையும் விரும்பி வளர்க்கிறார்கள்.

ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரை எடுத்துக்கொள்வோம். கோடையில் இந்தப் புல் அங்குச் செழித்துப் படரும். நவம்பர் நடுவாக்கில் முதல் உறைபனி விழும், புல் பழுப்பாகிவிடும். செத்துவிட்டதா? இல்லை, உறங்குகிறது. காய்ந்தது இலை மட்டுமே. மண்ணுக்கடியில் உள்ள தண்டும் தரையோடு ஓடும் தண்டும் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் மாவுச்சத்து சேமிப்பாக உள்ளது. குளிர்காலத்தில் உயிர் தாங்குவதும், வசந்தத்தில் முதல் தளிர் விடுவதும் அந்தச் சேமிப்பைக் கொண்டுதான்.

அக்டோபர் இறுதியில் ஒருவர் யூரியாவை அள்ளித் தூவுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். அது கிடைத்ததும் புல் புரதம் செய்து புதிய இலை விடப் பார்க்கும். புரதத்துக்குக் கார்பன் வேண்டும். அது சர்க்கரையிலிருந்து வரவேண்டும். ஆனால், பகல் குறுகி, குளிர் கூடி, ஒளிச்சேர்க்கை மந்தமான காலம் அது. வரவு குறையும்போது செலவு ஏறினால் சேமிப்பில்தானே கைவைக்க வேண்டும்?

போதாததற்கு, அந்த இளம் இலைகளின் செல்களில் நீர் அதிகம், சர்க்கரை குறைவு. சர்க்கரை கரைந்த நீர் தூய நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். ஆகவே பனி முதலில் பதம்பார்ப்பது இளம் இலையைத்தான்.

இதனால்தான், முதல் உறைபனிக்கு ஏறத்தாழ ஆறு வாரம் முன்பே நைட்ரஜனை நிறுத்தச் சொல்வது வழக்கம். அட்லாண்டாவுக்குக் கணக்குப் போட்டால் செப்டம்பர் இறுதி வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே நகரில், பக்கத்து வீட்டில் ஃபெஸ்க்யூ என்ற குளிர்விரும்பிப் புல் இருந்தால், அதற்கு உரமிட ஏற்ற காலமே இலையுதிர்காலம்தான்! பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து உரம் போடுகிறவர் ஏமாந்துபோவார்.

நம்மூர் உரப்பையில் 15-15-15 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் நைட்ரஜன். நடு எண் பாஸ்பேட். கடைசி எண் பொட்டாஷ். செல்லின் நீரளவைச் சீராக்குவதில் பொட்டாசியத்துக்குப் பங்கு உண்டு. எனவே, மண் பரிசோதனையில் குறை தெரிந்தால் குளிருக்கு முன் அதை மட்டும் கொடுப்பார்கள்.

அறிவியலாளர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதில்லை. இலையுதிர்காலத் தொடக்கத்தில் அளவாக நைட்ரஜன் கொடுத்தால் பச்சை நிறம் கூடுதல் நாள் நிற்கிறது, குளிர்ச்சேதமும் கூடவில்லை என்று சில சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால், புல் பழுப்பான பிறகு போடும் நைட்ரஜன் வீண். உறங்கும் வேர் அதை உறிஞ்சாது. அது நைட்ரேட்டாக மாறி, மழைநீரோடு நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும்.