ஒரே யூசர்நேம், பத்துப் பேர்

சர்வரில் டேலியைப் போட்டு, ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகங்களில் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. ‘அக்கவுண்ட்ஸ்’ என்று ஒரே யூசரை உருவாக்கிப் பாஸ்வேர்டை எல்லோருக்கும் சொல்லிவிட்டால் லைசென்ஸும் மிச்சம், தலைவலியும் மிச்சம் என்பது அது. லைசென்ஸ் கணக்கு முதலிலேயே இடறுகிறது. மைக்ரோசாஃப்டின் ‘பெர் யூசர்’ உரிமம் ஆட்களைத்தான் எண்ணுகிறது, யூசர்நேம்களை அல்ல. பத்துப் பேர் ஒரே பெயரில் நுழைந்தாலும் பத்து உரிமம் வேண்டும். ‘சர்வர் தடுக்கவில்லையே’ என்பது வாதமாகாது. புது சர்வர் 120 நாள் சலுகைக் காலத்தில் உரிமமே இல்லாதவரையும்தான் உள்ளே விடுகிறது. சிக்கனம்தான் நோக்கம் என்றால், ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் பலர் ஒரே கணினியில் உட்காரும் இடங்களுக்கு ‘பெர் டிவைஸ்’ உரிமம் இருக்கிறது. அது நேர்வழி.

தலைவலி மிச்சம் என்பதாவது உண்மையா? விண்டோஸ் சர்வர் இயல்பாகவே ஒரு யூசருக்கு ஒரு செஷன்தான் தரும். வவுச்சரைப் பாதி அடித்துக்கொண்டிருப்பவரின் திரை திடீரென்று மூடிக்கொள்ளும். அதே பெயரில் அடுத்து நுழைந்தவர் முன்னால் அந்தப் பாதி வவுச்சர் திறந்து நிற்கும். இதற்கு எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் வைத்தியம், குரூப் பாலிசியில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுவது. எடுத்தால் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பத்து செஷனும் ஒரே புரொஃபைலைத்தான் பகிர்கின்றன: ஒரே டெஸ்க்டாப், ஒரே டாக்குமெண்ட்ஸ், ஒரே ரெஜிஸ்ட்ரி அமைப்புகள். ஒருவர் ஒரு மென்பொருளின் அமைப்பை மாற்றினால் மற்ற ஒன்பது பேருக்கும் மாறுகிறது. எவருடைய செஷனோ தொங்கிவிட்டது என்று அட்மின் ‘கியூயூசர்’ கட்டளையைத் தட்டினால், ‘அக்கவுண்ட்ஸ்’, ‘அக்கவுண்ட்ஸ்’ என்று வரிசையாக வரும். எண்கள் மட்டும் வேறு. எதை லாக்ஆஃப் செய்வது? குத்துமதிப்பாக ஒன்றைச் செய்தால், போவது இன்னொருவர் சேமிக்காத வேலையாகவும் இருக்கலாம்.

‘டேலிக்குள் தனித்தனி லாகின் இருக்கிறதே, யார் என்ன செய்தார் என்பது அதில் தெரியாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. டேலிக்குள் நடந்தது தெரியும். டேட்டா ஃபோல்டரையே ஒருவர் அழித்தாலோ பென்டிரைவில் நகலெடுத்தாலோ, அது டேலிக்கு வெளியே நடப்பது. செக்யூரிட்டி பதிவில் 4624 என்ற நிகழ்வு லாகினைக் குறித்து வைக்கும், பெயர் ஒன்றே. ஐபி முகவரியும், எல்லோரும் ஒரே ரவுட்டர் வழியாக வெளியிலிருந்து வந்தால், ஒன்றே. பத்து பாஸ்வேர்டை யார் பராமரிப்பது என்ற சலிப்பு நியாயமானதுதான். அனுமதிகளை ஒரு குரூப்புக்குக் கொடுத்து, ஆட்களை அதில் சேர்த்தால் பாதி வேலை குறையும். பொது பாஸ்வேர்டுக்கோ வேறு விலை உண்டு. லாக்அவுட் போட்டிருக்கும் சர்வரில் ஒருவர் சில முறை தப்பாக அடித்தால், அடுத்து யாருமே நுழைய முடியாது. வேலையை விட்டுப் போனவரைத் தடுக்க வேண்டுமென்றாலும் மீதி ஒன்பது பேருக்கும் பாஸ்வேர்டு மாற வேண்டும். தனி யூசர் என்றால் அந்த ஒருவரின் கணக்கை முடக்கி, திறந்திருக்கும் செஷனை லாக்ஆஃப் செய்தால் முடிந்தது.