தபாலைத் திருப்பி அனுப்பினால் பாக்கி தீருமா?

"தபாலை நாம கையெழுத்துப் போட்டு வாங்கினாத்தானுங்க நோட்டீஸ் செல்லும்." சேலம், நாமக்கல் வட்டாரத்தில் லாரிப் பட்டறையிலும் கேட்கலாம், கோழிப்பண்ணைத் திண்ணையிலும் கேட்கலாம் இந்தப் பேச்சை. வரிப் பாக்கி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு அதிகச் செலவு வைக்கும் நம்பிக்கை இதுதான். வாங்க மறுத்த தபாலையும் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வருமான வரித் துறை இப்போது தபாலை நம்பியும் இல்லை. இ-ஃபைலிங் கணக்கிலும் மின்னஞ்சலிலும் அறிவிப்பைப் போட்டுவிடுகிறது. அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து பணம் கட்ட 30 நாள், மேல்முறையீடு செய்யவும் 30 நாள். கெடு தாண்டினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும்.

"அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாருங்க" என்பது அடுத்தது. நல்ல ஆடிட்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்தான். ஆனால் பல லாரி உரிமையாளர்களின் வரிக் கணக்கில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவருடையவை. எத்தனையோ பேருக்கான அறிவிப்புகள் அந்த ஒரே பெட்டியில் வந்து விழுகின்றன. அதில் ஒன்று அவர் கண்ணில் படாமல் போனால், பாக்கியும் வட்டியும் அவர் பேரில் ஏறாது, வண்டிக்காரர் பேரில்தான் ஏறும். கணக்குக்குள் நுழைந்து சொந்த எண்ணையும் சொந்த மின்னஞ்சலையும் மாற்றிக்கொள்வது சிறிய வேலை. இந்தக் கட்டுரையில் சொல்வதில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

லாரித் தொழிலில் வரும் கோரிக்கைகளில் ஒரு வகை, உண்மையில் பாக்கியே இல்லாதது. சரக்கு அனுப்பும் நிறுவனம் வாடகையில் டிடிஎஸ் பிடித்திருக்கும், அரசுக்குக் கட்டியிருக்காது. அந்தத் தொகை, நம் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறாததால் துறை நம்மிடம் கேட்கும். ஒருவரிடம் ஏற்கெனவே பிடித்த வரியை அவரிடமே மறுபடி வசூலிக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பிடித்ததை நாம்தான் காட்ட வேண்டும்: வாடகை பில், பிடித்தம் போக மீதி வரவான வங்கிக் கணக்கு விவரம். இ-ஃபைலிங் தளத்தில் நிலுவைக் கோரிக்கையை மறுத்துக் காரணம் எழுத இடம் இருக்கிறது. எழுதாமல் விட்டால் அடுத்த ஆண்டு வர வேண்டிய ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ஆண்டில் எந்த நாளிலும் பத்து சரக்கு வண்டிகளுக்கு மேல் வைத்திராதவர், பான் எண்ணோடு அதை எழுதிக் கொடுத்தால் சரக்கு அனுப்பும் நிறுவனம் வாடகையில் பிடித்தமே செய்ய வேண்டியதில்லை.

"கட்டலைன்னா ஜெயிலுங்க." இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792-இல் சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் விவசாயி விவசாயியாகக் கிஸ்தி போட்டார்கள். ரயத்துவாரி முறை வேர்விட்ட மண் இது. அந்தக் கிஸ்தியைச் சென்னை மாகாணம் முழுவதும் எப்படி வசூலித்தார்கள் என்பதை 1855-இல் சித்திரவதை விசாரணைக் குழு பதிவு செய்தது. விரலைக் கிட்டியில் வைத்து நெரித்ததும், குனியவைத்துக் கயிற்றால் கட்டியதும் அதில் இருக்கின்றன. தலைமுறைகள் கடந்தும் அந்த நடுக்கம் மிச்சமிருப்பதில் வியப்பில்லை.

இன்றைய நிலை வேறு. வருமான வரி வசூல் அதிகாரிக்குக் காவலில் வைக்கும் அதிகாரம் ஏட்டில் உண்டு. ஆனால் பொதுவாக முதலில் காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். சொத்தை மறைத்தார், கைமாற்றினார், அல்லது வசதி இருந்தும் கட்ட மறுக்கிறார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். பெண்களைக் கைது செய்யவே முடியாது. சமையல் பாத்திரம், கைத்தொழில் செய்பவரின் கருவிகள் ஜப்தியில் சேராது. போனில் கைது மிரட்டல் விடுபவர் துறை ஆளே அல்ல. 2019 அக்டோபர் 1 முதல் துறைக் கடிதங்களுக்கு ஓர் அடையாள எண் கட்டாயம், அதைத் தளத்தில் சரிபார்க்கலாம். உண்மையில் பயப்பட வேண்டியது வங்கிக் கணக்கு முடக்கத்துக்கு. அது வீட்டுக் கதவைத் தட்டாமலே நடக்கும். டீசலுக்கும் தீவனத்துக்கும் வைத்த பணம் அப்படியே நின்றுபோகும்.

"ஆபீசரைப் பாத்துப் பேசினா பாதியில முடிச்சுக்கலாமுங்க." ஃபைனான்ஸ் கடனில் அப்படி முடிப்பது நம் ஊரில் பழக்கம்தான். வரியில் அசலைக் குறைக்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை. குறைப்பு திட்டமாகத்தான் வரும். 2024-இல், 2009-10 வரையிலான ஆண்டுகளின் ரூ. 25,000 வரையுள்ள கோரிக்கைகளையும், 2010-11 முதல் 2014-15 வரைக்கான ரூ. 10,000 வரையுள்ளவற்றையும் மத்திய அரசே நீக்கியது, ஒருவருக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் என்ற வரம்போடு. அதிகாரி தரக்கூடியது தவணை. வருமான வரியில் கெடு முடிவதற்குள் எழுதிக் கேட்க வேண்டும். ஜிஎஸ்டியில் 24 மாதத் தவணை வரை கிடைக்கலாம், வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டிவரும். நாமே ரிட்டர்னில் ஒப்புக்கொண்ட ஜிஎஸ்டிக்குத் தவணையே கிடையாது. மேல்முறையீடு செய்துவிட்டால் கட்ட வேண்டாம் என்பதும் தவறு. ஜிஎஸ்டியில் தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டினால்தான் மனுவே ஏற்கப்படும். வருமான வரியில் வசூலை நிறுத்திவைக்கப் பொதுவாக 20 சதவீதம் கேட்பார்கள்.

நாமக்கல்லுக்கே உரிய ஒன்று: "முட்டைக்கு வரி இல்லீங்க, பண்ணையும் விவசாயந்தானே." முட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது சரி. கோழிப்பண்ணை வருமானம் மட்டும் வருமான வரிச் சட்டத்தில் விவசாய வருமானம் ஆகாது, அது வியாபார வருமானம்.

அப்பா வைத்துவிட்டுப் போன பாக்கி பிள்ளை தலையில் முழுவதும் விழும் என்று அஞ்சிச் சிலர் அவர் கணக்கைத் திறப்பதே இல்லை. பிள்ளையின் பொறுப்பு அப்பாவிடமிருந்து வந்த சொத்தின் மதிப்பு வரைதான், சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இருவரின் பான் அட்டைகளோடு இ-ஃபைலிங் தளத்தில் வாரிசாகப் பதிந்துகொண்டால் பாக்கி எவ்வளவு, எந்த ஆண்டுக்கு என்று பார்க்கலாம். தவறானதாக இருந்தால் அங்கேயே மறுக்கலாம்.