பழைய இழைப்புளியைப் பளபளப்பாக்கலாமா?

கேள்வி: ஐயா, பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது துருப்பிடித்த ஸ்டான்லி இழைப்புளி ஒன்றை 20 டாலருக்குக் கொடுத்தார். எண் 4. உள்ளே மூன்று காப்புரிமைத் தேதிகள் தெரிகின்றன. கடைசித் தேதி 1910. தள்ளினால் மரத்தைச் சீவாமல் பிய்க்கிறது. கிரைண்டரில் கொடுத்துப் பளபளப்பாக்கிப் புதுப் பெயின்ட் அடிக்கலாமா? 1 முதல் 8 வரை எல்லா எண்களையும் வாங்கிச் சேர்க்கவும் ஆசை.
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: கிரைண்டர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். உங்களிடம் இருப்பது நல்ல கருவி. மார்ச் 1902, ஆகஸ்ட் 1902, ஏப்ரல் 1910 என்று தேதிகள் வார்க்கப்பட்டிருந்தால், அது 1910-க்கும் 1918-க்கும் இடைப்பட்ட காலத்து உடல். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ பிரிட்டன் ஊரில் இயங்கிய ஸ்டான்லி நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் அமைப்பை உருவாக்கியவர் பாஸ்டனைச் சேர்ந்த லெனார்ட் பெய்லி. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி 1869-இல் வாங்கியது. மர இழைப்புளியில் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் ஆழம் வைக்க வேண்டும். பெய்லியின் இழைப்புளியில் பின்னாலுள்ள பித்தளைத் திருகைச் சுழற்றினால் போதும். இன்றைய இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. ஒன்று மட்டும்: தகட்டின் முத்திரையைப் பார்த்து வயதைக் கணிக்காதீர்கள். தேய்ந்த தகட்டை மாற்றுவது வழக்கம் என்பதால் உடல் ஒரு காலத்ததாகவும் தகடு வேறு காலத்ததாகவும் இருக்கலாம்.

இனித் துரு. மண்ணெண்ணெயில் நனைத்த இரும்புக் கம்பளியால் பொறுமையாகத் தேயுங்கள். மேல்துரு போனதும் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். உள்ளே இருக்கும் கறுப்புப் பூச்சை எவ்வளவு உதிர்ந்திருந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள். அதைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்த கருவியைச் சேகரிப்பவர் மதிக்கமாட்டார். வேலை செய்பவருக்கும் அதனால் ஒரு பயனுமில்லை. கைப்பிடியின் மேல்நுனி உடைந்திருந்தால் ஒட்டிக்கொள்ளலாம், அது பெரிய குறையல்ல.

மரத்தைப் பிய்ப்பதற்குக் காரணம் துரு அல்ல, மழுங்கிய தகடு. தகட்டின் பின்பக்கத்தை, வெட்டுமுனையை ஒட்டிய பகுதியில் மட்டும், கல்லில் தேய்த்துச் சமமாக்குங்கள். அந்த இடத்தில் துரு குழி பறித்திருந்தால், குழியைத் தாண்டும் வரை முனையைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். பிறகு 25 டிகிரியில் சாணை பிடித்து, முனையை மட்டும் 30 டிகிரியில் தீட்டுங்கள். குழி ஆழமாக இருந்தால் புதுத் தகடு வாங்கிவிடுவதே மேல். ஒட்டாவாவின் லீ வேலி நிறுவனம் தனது வெரிட்டாஸ் பெயரில் இந்தப் பழைய உடல்களுக்குப் பொருந்தும் தகடுகளைச் செய்கிறது.

பலர் கவனிக்காமல் விடுவது, வெட்டும் தகட்டின் மேல் திருகப்பட்டிருக்கும் இரண்டாவது தகடு. சீவல் சுருளை உடனே மடக்கி, மரம் முன்கூட்டிப் பிளக்காமல் தடுப்பது அதுதான். அதன் நுனி கீழ்த்தகட்டோடு இடைவெளியே இல்லாமல் படிய வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒளி தெரிந்தால் அந்த நுனியைக் கல்லில் சரிசெய்யுங்கள். பிறகு வெட்டுமுனைக்கு அரை மில்லிமீட்டருக்குள் நெருக்கி வையுங்கள். ரேகை சுழன்று ஓடும் மரமென்றால் இன்னும் நெருக்குங்கள். விலை உயர்ந்த புதுக் கருவி வாங்கியவர்கள்கூட இதைச் செய்யாமல் மரத்தைக் குறை சொல்வதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

அடிப்பாகம் கண்ணாடிபோல் இருக்க வேண்டியதில்லை. முன்நுனியும் பின்நுனியும், தகடு வெளிவரும் வாயை ஒட்டிய பகுதியும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். தடித்த கண்ணாடியில் உப்புத்தாளை ஒட்டித் தேய்க்கலாம். அப்போது தகட்டை உள்ளே இழுத்து, ஆனால் இடத்திலேயே இறுக்கி வைத்திருங்கள். இறுக்கத்தில் உடல் சற்று வளையும், அந்த நிலையில்தான் அது வேலை செய்யப்போகிறது. தேய்த்து முடித்ததும் அடியில் மெழுகுவர்த்தியைத் தடவி, பைன் பலகை ஒன்றை ரேகையின் போக்கிலேயே சீவிப் பாருங்கள்.

எல்லா எண்களையும் சேர்க்கும் ஆசை பற்றி: இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. ஐந்தரை அங்குல நீளமே உள்ள எண் 1 அரிதானது, விலை ஆயிரம் டாலரைத் தாண்டும், போலிகளும் உண்டு. அதை வைத்து மேசை செய்ய முடியாது. அடுத்து வாங்குவதானால் 14 அங்குல எண் 5 வாங்குங்கள். கரடுமுரடான பலகையை அது வேகமாகச் சமப்படுத்தும், 4 வழவழப்பாக்கும். கதவு, மேசைப் பலகை என்று நீண்ட விளிம்புகளை இணைக்கும் நாள் வரும்போது 22 அங்குல எண் 7 தேடலாம். கியூபெக்கின் ராக்ஸ்டன் பாண்டிலும் ஸ்டான்லி தொழிற்சாலை இருந்ததால், கனடாவில் செய்தவை என்ற முத்திரையோடும் கிடைக்கும். வேலைக்கு அவையும் நல்லவையே.

வாங்கும்போது வாயின் மூலைகளையும் பக்கச் சுவர்களையும் விரலால் தடவி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் உடையும், ஒட்டவைத்ததை வாங்காதீர்கள். திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள். ஸ்டான்லி பயன்படுத்திய மரை அளவுகள் பொது அளவுகளோடு ஒத்துப்போகாதவை; தொலைந்துபோன ஒன்றுக்கு இரும்புக்கடையில் மாற்று கிடைக்காது.