காற்றை ஒருவர் பிளக்க, கோட்டை மற்றொருவர் தொட...

எதிர்காற்று வீசும் நாளில் சைக்கிளில் பள்ளிக்குப் போயிருக்கிறீர்களா? தலையைக் குனிந்துகொண்டு முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி நகர மறுக்கும். அப்போது உங்கள் நண்பன் முன்னால் போக, அவன் பின்சக்கரத்தை ஒட்டியே நீங்கள் ஓட்டிப் பாருங்கள். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். பாதையும் அதேதான், வண்டியும் அதேதான். மாறியது என்ன? உங்கள் பங்குக் காற்றையும் உங்கள் நண்பனே எதிர்கொண்டுவிட்டான்.

இந்தச் சிறிய உண்மையின் மேல்தான் உலகின் மிகப் பெரிய சைக்கிள் போட்டிகள் நடக்கின்றன. பிரான்சில் 1903-ஆம் ஆண்டு தொடங்கிய 'டூர் டி பிரான்ஸ்' போட்டியை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரங்களில் 21 கட்டங்கள். மொத்தம் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். அன்றன்று முதலில் வருபவருக்கு அந்தக் கட்டத்தின் வெற்றி. எல்லா நாள்களின் நேரத்தையும் கூட்டினால் யாருக்கு மிகக் குறைவோ, அவருக்கு மொத்தப் போட்டியின் வெற்றி. 2018 முதல் ஓர் அணிக்கு 8 வீரர்கள். ஆனால் வெற்றி மேடையில் ஏறுபவர் ஒருவர்தான். அப்படியானால் மற்ற ஏழு பேருக்கு என்ன வேலை? விடையைக் காற்றிடமே கேட்போம்.

காற்று கேட்கும் விலை

சமதரையில் வேகமாக ஓட்டும்போது நம் ஆற்றலில் பெரும்பகுதி காற்றை விலக்கவே செலவாகிறது. காற்றின் தடைவிசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிவிடும்!

கணக்கிட்டே பார்ப்போம். குனிந்து ஓட்டும் ஒரு வீரருக்கு, காற்றின் அடர்த்தியையும் உடலின் முகப்புப் பரப்பையும் வடிவத்தையும் கருதினால், தடைவிசை ஏறத்தாழ 0.18 × (வேகம்)² நியூட்டன் என்று கொள்ளலாம். வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மணிக்கு 18 கி.மீ. (விநாடிக்கு 5 மீட்டர்): ஏறத்தாழ 23 வாட்.
மணிக்கு 36 கி.மீ. (10 மீட்டர்): 180 வாட்.
மணிக்கு 54 கி.மீ. (15 மீட்டர்): ஏறத்தாழ 608 வாட்.
மணிக்கு 72 கி.மீ. (20 மீட்டர்): 1,440 வாட்.

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். கடைசி வரி ஏறத்தாழ இரண்டு குதிரைகளின் வேலை! தேர்ந்த வீரர்கள் இத்தகைய திறனைச் சில விநாடிகளுக்கு மட்டுமே தர முடியும்.

முதுகுக்குப் பின்னால் ஒரு நிழல்

ஒரு வீரர் காற்றைப் பிளந்து போகும்போது அவருக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. அங்கே காற்று சுழன்றுகொண்டு, அவர் போகும் திசையிலேயே ஓரளவு இழுபட்டும் வருகிறது. அந்த நிழலுக்குள் புகுந்து ஓட்டுபவருக்குத் தடை மூன்றில் ஒரு பங்கு வரை, சில சமயம் அதற்கு மேலும் குறையும். பின்னால் ஒருவர் ஒட்டி வருவதால் முன்னவருக்கும் சிறிதளவு நன்மை உண்டு. பின்புறக் குறையழுத்தம் அவரைப் பின்னோக்கி இழுப்பது சற்றுத் தணிகிறது.

பெரிய கூட்டத்தின் நடுவில் இருந்தால்? நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளாக்கனும் அவருடைய குழுவினரும் 121 வீரர்கள் கொண்ட கூட்டத்தைக் கணிப்பொறியிலும், சிறு உருவங்களைக் கொண்டு காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். கூட்டத்தின் உட்பகுதியில் தடை, தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் தடையில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான்! 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 0.1-இன் வர்க்கமூலத்தை எடுங்கள். ஏறத்தாழ 0.316 வரும். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் பறக்கும் கூட்டத்தின் நடுவில் இருப்பவர், 17 கி.மீ. வேகத்தில் தனியே போகிறவருக்குரிய எதிர்காற்றையே உணர்கிறார்.

இப்போது அந்த ஏழு பேரின் வேலை விளங்குகிறது அல்லவா? தலைவருக்கு முன்னால் மாறி மாறிக் காற்றை வாங்கிக்கொள்வது அவர்கள் பொறுப்பு. தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து வருவதும் அவர்களே. தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பதும் உண்டு. இவர்களைப் பிரெஞ்சு மொழியில் 'தொமெஸ்தீக்' என்பார்கள். வீட்டு வேலையாள் என்று பொருள்.

தப்பி ஓடுகிறவர்களின் கணக்கு

பல கட்டங்களில் தொடக்கத்திலேயே சிலர் கூட்டத்தை விட்டுப் பாய்ந்து முன்னே போய்விடுவார்கள். கூட்டம் அவர்களைத் தடுப்பதில்லை. பட்டம் விடுகிறவன் நூலை விட்டுக் கொடுப்பது போல, சில நிமிட இடைவெளியை விட்டுக் கொடுக்கும். முன்னே இருப்பவர் இருவர் என்றால், ஒவ்வொருவரும் பாதி நேரம் காற்றின் முன் நின்றாக வேண்டும். பின்னே நூற்றுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் சிலர் மட்டும் முறை வைத்து இழுக்க, மற்றவர்கள் நிழலில் இளைப்பாறுகிறார்கள்.

நூலை எப்போது சுற்றத் தொடங்குவது? முன்னாள் வீரரும் பிரெஞ்சுத் தொலைக்காட்சி வர்ணனையாளருமான ரொபேர் ஷபாத்தின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. கூட்டம் மனம் வைத்தால் 10 கிலோமீட்டருக்கு 1 நிமிடம் வீதம் இடைவெளியைக் குறைத்துவிடும் என்பது அது. சரிபார்ப்போமா? தப்பியோடுபவர்கள் மணிக்கு 44 கி.மீ. வேகத்தில் போனால் 10 கிலோமீட்டருக்கு 13 நிமிடம் 38 விநாடி. கூட்டம் 47.5 கி.மீ. வேகத்தில் வந்தால் 12 நிமிடம் 38 விநாடி. சரியாக ஒரு நிமிடம்! மூன்றரை கிலோமீட்டர் வேக வேற்றுமை போதும். சீக்கிரமே பிடித்துவிட்டால் புதிதாக வேறு சிலர் ஓடுவார்கள். ஆகவே முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் பிடிப்பதே அணிகளின் நோக்கம்.

2014-ஆம் ஆண்டு ஜூலை 20. தல்லார் என்ற ஊரிலிருந்து நீம் நகருக்கு 222 கிலோமீட்டர். நியூசிலாந்தின் ஜாக் பாவரும் சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் எல்மிகரும் தொடக்கத்திலேயே தப்பிச் சென்றார்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இருவரும் மாறி மாறிக் காற்றை எதிர்கொண்டார்கள். நகருக்குள் நுழையும்போதும் அவர்கள்தான் முன்னே. கடைசிச் சில நூறு மீட்டரில் பாவர் தனியே பாய்ந்தார். கோடு கண்ணுக்கு எதிரில் தெரிகிறது. இன்னும் சில பத்து மீட்டர்தான். அந்த இடத்தில் கூட்டத்தின் வேகவீரர்கள் இருபுறமும் அவரைக் கடந்து போனார்கள். நார்வேயின் அலெக்சாந்தர் கிறிஸ்டாஃப் வென்றார். நாள் முழுவதும் முன்னே இருந்த பாவருக்குக் கிடைத்தது 10-ஆம் இடம். அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அவருடைய துணிவிலோ உழைப்பிலோ ஒரு குறையும் இல்லை. அவர் ஐந்து மணி நேரம் செலவிட்ட ஆற்றலை, அவரைக் கடந்தவர்கள் நிழலில் இருந்து சேமித்து வைத்திருந்தார்கள்.

கடைசி 200 மீட்டர்

வேகவீரர் எப்போது நிழலை விட்டு வெளியே வர வேண்டும்? விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 200 மீட்டரைக் கடக்க 10 விநாடி. 1,440 வாட் என்ற விலையை அவரால் கொடுக்க முடிவதும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே. அதற்கு முன்பே வெளிவந்தால் கோட்டுக்கு முன் கால்கள் ஓய்ந்துவிடும். பிந்தினால் வழி அடைபட்டுவிடும்.

ஆகவே அணியினர் ஒருவர் பின் ஒருவராக ரயில் பெட்டிகளைப் போல வரிசையாகிறார்கள். வேகவீரர் கடைசிப் பெட்டி. முதலில் இருப்பவர் தம் பலம் தீரும்வரை இழுத்துவிட்டு ஒதுங்குவார். அடுத்தவர் இன்னும் வேகமாக இழுப்பார். கடைசியாக ஒதுங்குபவரே மிக முக்கியமானவர். 2009-ஆம் ஆண்டு பாரிசில் நடந்த இறுதிக் கட்டத்தில் பிரிட்டனின் மார்க் காவென்டிஷுக்கு ஆஸ்திரேலியாவின் மார்க் ரென்ஷா இப்படி வழி அமைத்தார். அந்த வரிசையின் வேகத்தில் எதிரிகள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்றால், காவென்டிஷ் முதலாவதாகவும், இழுத்துவிட்ட ரென்ஷாவே இரண்டாவதாகவும் வந்தார்கள்! காவென்டிஷ் 2024-இல் தமது 35-ஆம் கட்ட வெற்றியைப் பெற்று, எடி மெர்க்ஸின் 34 வெற்றிகள் என்ற சாதனையைக் கடந்தார்.

இந்தப் பாய்ச்சலில் வேற்றுமை எவ்வளவு நுட்பமானது தெரியுமா? 2017-இல் நுயி சான் ஷோர்ஷ் ஊரில் முடிந்த கட்டத்தில் ஜெர்மனியின் மார்செல் கிட்டெல் வென்றது 6 மில்லிமீட்டரில். உங்கள் பென்சிலின் தடிமன் அளவு!

மறைவு கிடைக்காத இடங்கள்

மலைச் சாலையில் கதை மாறுகிறது. 8 சதவீதச் சரிவில், வண்டியோடு 75 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஏறினால், புவியீர்ப்பை எதிர்க்க 294 வாட் வேண்டும். காற்றுக்கோ 23 வாட் போதும். நிழலில் ஒதுங்கினாலும் பெரிய லாபம் இல்லை. அதனால்தான் சமதரையில் வெல்லும் கனத்த உடல் வீரர்கள் மலையில் பின்தங்குகிறார்கள். எடை குறைந்தவர்கள் மொத்தப் போட்டியை வெல்கிறார்கள்.

தனிநபர் நேர ஓட்டத்தில் முன்னால் ஆளே கிடையாது. அங்கே முகப்பைச் சுருக்குவதே ஒரே வழி. 1989-இல் கடைசி நாளன்று அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். மீதி இருந்தது 24.5 கிலோமீட்டர். கைகளை முன்னே நீட்டிச் சேர்த்து வைக்கும் புதுவகைக் கைப்பிடியும், காற்று வழுக்கிச் செல்லும் தலைக்கவசமும் அவரிடம் இருந்தன. முன்னணியில் இருந்த லொரான் ஃபிஞோன் வழக்கமான கைப்பிடியோடு, தலைக்கவசம் இல்லாமல் ஓட்டினார். மூன்று வாரப் போட்டியை லெமாண்ட் 8 விநாடியில் வென்றார்.

நீங்களே செய்து பாருங்கள்

கோட்டுக்கு 1,200 மீட்டர் இருக்கிறது. தனி வீரரின் வேகம் விநாடிக்கு 12 மீட்டர். துரத்தும் கூட்டத்தின் வேகம் 16 மீட்டர். அவர் தப்பிக்க எத்தனை விநாடி முன்னிலை வேண்டும்? கணக்கிடுங்கள். 25 என்று வந்தால் சரி.

நிழலில் ஓட்டும் சோதனையைச் சாலையில் செய்ய வேண்டாம். பெரியவர் ஒருவர் துணையோடு, வாகனங்கள் வராத மைதானத்தில், இடைவெளி விட்டு, மெதுவாகச் செய்யுங்கள். லாரி, பேருந்துகளின் பின்னால் ஒருபோதும் ஒட்டிப் போகாதீர்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை முன்னவரும் பின்னவரும் இடம் மாற மறவாதீர்கள். காற்றை வாங்குகிற முறை எல்லாருக்கும் வர வேண்டும்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் ஒரு வீரர் இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு கோட்டைத் தாண்டும்போது, அவருக்குப் பின்னால் முந்நூறு நானூறு மீட்டர் தூரத்தில் கவனியுங்கள். அதே நிறச் சட்டையில், மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு சிலர் வருவார்கள். காற்றின் விலையில் பெரும்பகுதியைச் செலுத்தியவர்கள் அவர்கள்.